வடசேரி கோயில் நகை: வாங்கும்முன் கல்லின் ஓரத்தைத் தடவிப் பாருங்கள்

நாகர்கோவில் வடசேரியின் வெள்ளி நடன செட் (பரதநாட்டியத்துக்கு அணியும் நகைத் தொகுப்பு), விலைக்கு முழுத் தகுதி உள்ளது. கெம்பு எனும் சிவப்புக் கல்லை அரக்கின்மேல் பதித்து, சுற்றிலும் தங்கத் தகட்டை அழுத்திப் பிடிக்க வைக்கிறார்கள். மலிவுச் செட்டில் கல்லைப் பசையால் ஒட்டியிருப்பார்கள். வியர்வை பட்டதும் உதிரும். நக நுனியால் கல்லின் ஓரத்தைத் தடவினால் தகட்டு விளிம்பு தட்டுப்பட வேண்டும்.

செட்டின் தலை நகைகளில், வட்டமான சூரியன் வகிட்டுக்கு வலப்பக்கம், பிறையான சந்திரன் இடப்பக்கம். இரு சுடர்களின் அருளும் காவலும் தலைக்கு மேல் இருக்கும் என்பது நம்பிக்கை. பின்தலையில் ராக்கொடி எனும் வட்ட நகை, அதன் நடுவில் அன்னம் வைத்தது தனி அழகு.

குறை ஒன்றுதான்: கொக்கி மெலிது, கறுப்பு நூலால் கூடுதலாகக் கட்டுங்கள். வெயிலில் நிற்கும் காரில் வைக்கவே கூடாது. அரக்கு இளகிக் கல் சரியும். சென்ட் அடித்துக் காய்ந்த பிறகே அணியுங்கள். துடைக்க உலர்ந்த பருத்தித் துணி போதும்.