மூன்று வருடமாக நிலையில் ஒட்டும் கதவு

நண்பன் வீட்டில் அடுத்த வாரம் பெயின்ட் வேலை. "கதவுக்கும் வாட்டர் பேஸ் எனாமலே அடிச்சிடலாமா? நீ அடிச்சு மூணு வருஷம் ஆச்சே, எப்படி இருக்கு?" என்று கேட்டான். போனில் ஆரம்பித்த பதில் நீண்டுபோனதால் எழுதியே விடுகிறேன்.

சுவரைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பட்டி பார்த்து, உப்புத்தாள் போட்டு, பிரைமருக்கு மேல் இரண்டு கோட் எமல்ஷன். இன்றும் நன்றாக இருக்கிறது. ஓர் இடம் தவிர. கடைசி நேரத்தில் கண்ணில் பட்ட ஆணி ஓட்டையைப் பட்டியால் அடைத்து, பிரைமர் தொடாமல் அப்படியே பெயின்ட் அடித்துவிட்டேன். பட்டி பெயின்ட்டை உறிஞ்சிக்கொண்டது. சாயங்கால வெளிச்சம் பக்கவாட்டில் விழும்போது உள்ளங்கை அகலத்துக்கு மங்கலாகத் தெரியும்.

கதவுக்கு வருகிறேன். முதலில் நல்லதைச் சொல்லவேண்டும். மூக்கைத் துளைக்கும் வாடை இல்லை. டர்பன்டைன் தேடாமல் குழாயடியிலேயே பிரஷ்ஷைக் கழுவினேன். எல்லாவற்றையும்விட, வெள்ளை இன்னும் வெள்ளையாகவே இருக்கிறது. அதே வாரம் ஆயில் எனாமல் அடித்த அலமாரியின் உட்பக்கம், வெளிச்சமே படாத இடம், மஞ்சள் பூத்துவிட்டது. அதைத் திறந்து பார்க்கும்போதெல்லாம் கதவுக்கு இதை அடித்தது எவ்வளவு நல்லது என்று தோன்றும்.

ஆனால் அந்தக் கதவு நிலையில் ஒட்டிக்கொள்கிறது! ராத்திரி சாத்தி, காலையில் திறந்தால் பிளாஸ்திரி உரிக்கிற மாதிரி 'பர்ர்' என்று ஒரு சத்தம். பெயின்ட் முழுசாக இறுக மூன்று நான்கு வாரம் ஆகும் என்பதால் முதல் மாதம் பொறுத்துக்கொண்டேன். மூன்று வருடம் கழித்தும் வெயில் காலத்தில் அதே கதைதான். ஆயில் எனாமல் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து கெட்டியாகிவிடும். வாட்டர் பேஸ் எனாமலில் இருக்கும் அக்ரிலிக் என்ற பிளாஸ்டிக் அப்படியில்லை, சூடு ஏறினால் கொஞ்சம் இளகும். இளகின இரண்டு பரப்பு ராத்திரி முழுக்க அழுந்திக் கிடந்தால் ஒட்டத்தானே செய்யும்? நான் வாங்கிய டப்பாவில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை. என் கோபமெல்லாம் அதில்தான்.

போன மாதம் நிலையிலிருந்து நகத்தளவு ஒரு செதில் பெயர்ந்து வந்தது. திருப்பிப் பார்த்தேன், பின்பக்கம் வழவழவென்று இருந்தது. அடியில் பழைய பழுப்பு ஆயில் எனாமல், பளபளப்பு துளியும் குறையாமல். அதாவது அந்த மூலைக்கு என் உப்புத்தாள் போகவே இல்லை. பெயர்ந்தது என் தப்பு, ஒட்டுவது பெயின்ட்டின் குணம். இரண்டையும் சேர்த்துப் போட்டுத் திட்டுவது நியாயமில்லை.

180ஆம் நம்பர் தாளால் பளபளப்பு போகும்வரை தேய்த்து, தூசியைத் துடைத்து, பிரைமர் ஒரு கோட், அதன்மேல் மெல்லிசாக இரண்டு கோட் அடித்தேன். ஒரு வாரம் கதவைச் சாத்தவே இல்லை. அப்புறம் நிலையில் படும் விளிம்பில் மெழுகுவத்தியைத் தேய்த்துவிட்டேன். (மறுபடி பெயின்ட் அடிக்குமுன் அந்த மெழுகைச் சுத்தமாக எடுத்தாக வேண்டும், இல்லையென்றால் எதுவும் பிடிக்காது.) சத்தம் பாதியாகக் குறைந்திருக்கிறது, போகவில்லை.

ஒன்றோடொன்று அழுந்தாத எந்த மரத்துக்கும் இதைத் தாராளமாக அடிக்கலாம். கதவுக்கு? இவ்வளவு நல்லது சொன்ன பிறகும், வேண்டாம் என்றுதான் அவனிடம் சொன்னேன். இன்று காலையும் குழந்தை அந்தச் சத்தத்தில்தான் விழித்தது.