பாதியில் நின்ற இரண்டு ஸ்பைடர்மேன்கள்

ஸ்பைடர்மேன் காமிக்ஸிலிருந்து உருவான அனிமேஷன் தொடர்களில் அற்பாயுளில் போனவற்றில் இரண்டைப் பார்ப்போம். ஒன்று 2003 ஜூலையில் எம்டிவியில் தொடங்கி செப்டம்பரிலேயே முடிந்த 'ஸ்பைடர்மேன்: தி நியூ அனிமேட்டட் சீரிஸ்'; 13 எபிசோடுகள். மற்றது 2008-09-ல் வந்த 'தி ஸ்பெக்டாகுலர் ஸ்பைடர்மேன்', 26 எபிசோடுகள்.

முதலாவது கணினியில் முப்பரிமாணமாகச் செய்து, கையால் வரைந்ததைப் போல் தட்டையாக வண்ணம் பூசிய தொடர். கட்டடங்களுக்கு நடுவே ஊஞ்சலாடும் காட்சிகள் இன்றும் சலிக்கவில்லை. ஆனால் ஸ்பைடர்மேன் முகமூடியைக் கழற்றியதும் பொம்மை முகம்தான் மிஞ்சுகிறது. ஷான் கேலவே வடிவமைத்த ஸ்பெக்டாகுலர் இதற்கு நேர் எதிர்: பெரிய கண்கள், குறைந்த கோடுகள். சிறுபிள்ளைத்தனமாக இருக்கிறதே என்றுதான் முதலில் எனக்கும் தோன்றியது. சண்டை தொடங்கியதும் அந்த எண்ணம் போய்விட்டது. கோடு குறைந்தால் உருவம் எவ்வளவு லாகவமாக வளைகிறது!

இரண்டையும் எடைபோட எலெக்ட்ரோ என்ற வில்லன் ஒருவனே போதும். எம்டிவி தொடரில் எலெக்ட்ரோவாக மாறும் மேக்ஸ் தில்லன் கல்லூரிப் புதுமுகம். மாணவர் சங்கத்தில் இடம் கேட்டு ஏங்கி, அவமானப்படுகிறான். மின்னாற்றல் வந்ததும் பழிவாங்கப் புறப்படுகிறான். எடுப்பான கதைதான், ஆனால் அடுத்த காட்சியை நாமே சொல்லிவிடலாம். ஸ்பெக்டாகுலரில் அவன் ஒரு சாதாரண மின்பணியாளன். டாக்டர் கானர்ஸின் ஆய்வகத்தில் விபத்து நேர்கிறது. உடலிலிருந்து மின்சாரம் பாய்வதால் யாரையும் தொட முடியாமல், காப்பு உடைக்குள் அடைபட்டுக் கிடக்கிறான். அவன் கேட்பது ஒன்றுதான்: என்னைப் பழையபடி ஆக்குங்கள். அது நடக்காதபோதுதான் வில்லனாகிறான். அந்த எபிசோடு முடிந்தபோது எனக்கு ஸ்பைடர்மேன் மேல்தான் கோபம் வந்தது.

மே அத்தை (ஸ்பைடர்மேனான பீட்டரை வளர்த்தவள்; நம் முறைப்படி பெரியம்மா, அவள் கணவர் பென் பீட்டரின் அப்பாவுக்கு அண்ணன்) எம்டிவி தொடரின் கதையில் இடம்பெறுவதே இல்லை. வீட்டுக்கு நேரத்தோடு போக வேண்டும் என்ற கவலை இல்லாத பீட்டர் பாதி பீட்டர்தான். குரலைப் பொறுத்தவரை ஸ்பைடர்மேனாகப் பேசிய நீல் பேட்ரிக் ஹாரிஸ் (எம்டிவி), ஜாஷ் கீட்டன் (ஸ்பெக்டாகுலர்) இருவர் மீதும் எனக்குக் குறையில்லை.

எபிசோடுக்கு ஒரு கதை என்று ஓடுவது எம்டிவி தொடர். அப்படிப்பட்டது நின்றால் இழப்பு குறைவாக இருக்க வேண்டும். ஸ்பெக்டாகுலரோ முழுக்கத் தொடர்கதை. நின்றால் அந்தரத்தில் தொங்கியிருக்க வேண்டும். நடந்தது தலைகீழ். எம்டிவி தொடர் கடைசி இரு எபிசோடுகளில் எல்லா முடிச்சுகளையும் ஒரே மூச்சில் போட்டது. பீட்டரின் தோழி இண்டி கோமாவில் கிடக்கிறாள், பீட்டர் உடையைத் துறக்கிறான், அவ்வளவுதான்; அவிழ்க்க ஆளில்லை.

ஸ்பெக்டாகுலரை உருவாக்கிய கிரெக் வைஸ்மனும் விக்டர் குக்கும் மூன்று நான்கு எபிசோடுகளை ஒரு பாடமாகக் கட்டினார்கள். உயிரியல், பொருளியல், வேதியியல் என்று கல்லூரிப் பாடத்திட்டம் போல ஒவ்வொரு கொத்துக்கும் ஒரு துறை. எபிசோடுகளின் தலைப்புகளும் அந்தத் துறையின் கலைச்சொற்களே. ஒவ்வொரு பாடமும் தன்னளவில் முடிந்துவிடும். அதனால்தான் 2009-ல் தொலைக்காட்சி அனிமேஷன் உரிமை சோனியிடமிருந்து மார்வெலுக்குத் திரும்பி, மூன்றாவது பருவம் இல்லாமல் போனபோதும் கதை குலையவில்லை. முகமூடி வில்லன் கிரீன் காப்ளின் யார் என்பது தெரிந்துவிடுகிறது. பீட்டரை விரும்பும் க்வென், தன் காதலன் ஹாரியை விட்டு வர முடியாமல் நிற்கிறாள். இறந்ததாக நம்பப்பட்ட ஹாரியின் அப்பா நார்மன் ஆஸ்போர்ன் வேறு பெயரில் ஊரைவிட்டுக் கிளம்புகிறான். நிறைவான முடிவு என்று சொல்ல மாட்டேன். மனம் கனக்கத்தான் செய்கிறது. ஆனால் நின்ற இடம் சரியான இடம்.

எம்டிவி தொடரைப் பார்க்கவே வேண்டாம் என்பதில்லை. 11 எபிசோடுகளோடு எழுந்துவிடுங்கள்.