விண்ணப்பக் கடிதம் எழுதித் தரும் இணையச் சேவை: எதற்குப் பணம் தரலாம், எதற்கு வேண்டாம்

வேலைக்கு விண்ணப்பிக்கும்போது தன்விவரக் குறிப்புடன் இணைத்து அனுப்ப வேண்டிய கவர் லெட்டரை, அதாவது விண்ணப்பக் கடிதத்தை, சில நிமிடங்களில் ஆயத்தமாக்கித் தருவதாகச் சொல்லும் இணையச் சேவைகள் இன்று ஏராளமாக உள்ளன. அவற்றுள் மாதச் சந்தா முறையில் இயங்கும் ஒன்றை, வேலை மாறுவதற்காக விண்ணப்பித்துக்கொண்டிருந்த காலத்தில் தொடர்ந்து பயன்படுத்தினேன். குறைகளையும் எழுதவிருப்பதால் அதன் பெயரைத் தவிர்க்கிறேன். இவ்வகைச் சேவைகள் பெரும்பாலும் ஒரே முறையில் இயங்குகின்றன. ஆகவே வேறொரு சேவையை வாங்க நினைப்பவருக்கும் இந்த மதிப்பீடு உதவும்.

சேவை செயல்படும் விதம் எளிது. பெயர், விண்ணப்பிக்கும் பதவி, அனுபவ ஆண்டுகள், கடைசியாகப் பார்த்த வேலை ஆகியவற்றை நிரப்ப வேண்டும். அதன்பின், திரையில் தோன்றும் பட்டியலிலிருந்து நமக்குப் பொருந்தும் என்று நினைக்கும் மூன்று பண்புகளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தலைமைப் பண்பு, குழுவாகப் பணியாற்றும் திறன், நேர மேலாண்மை போன்றவை அதில் இருக்கின்றன. கடிதத்தின் தொனியையும் பக்க வடிவமைப்பையும் தெரிவு செய்தவுடன் முழுக் கடிதமும் வந்துவிடுகிறது. எழுதுவதற்குக் கட்டணம் இல்லை. பதிவிறக்கம் செய்யும்போதுதான் சந்தா கேட்கப்படுகிறது. இது முதல் பக்கத்திலேயே சொல்லப்பட வேண்டிய செய்தி. ஓர் அவசர விண்ணப்பத்துக்காக ஒரு மணி நேரம் செலவிட்டு எழுதி முடித்தவரிடம் கடைசித் திரையில் பணம் கேட்பது நியாயமான வணிக முறையாக எனக்குப் படவில்லை.

நிறைகளை முதலில் சொல்லிவிடலாம். பக்க அமைப்பு நன்றாக இருக்கிறது. அனுப்புநர் விவரம், நாள், பெறுநர், பொருள், விளிப்பு, மூன்று நான்கு பத்திகள், நிறைவு வாசகம் என்ற ஒழுங்கு தவறுவதில்லை. கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்டுவதும் இல்லை. எழுத்துப் பிழை, நிறுத்தற்குறிப் பிழை எதையும் நான் காணவில்லை. முதன்முறையாக அலுவலகக் கடிதம் எழுதுபவருக்கு இந்த ஒழுங்கு பெரிய துணை. ஆனால் இதே ஒழுங்கு மைக்ரோசாஃப்ட் வேர்டு, கூகுள் டாக்ஸ் போன்ற மென்பொருள்களில் உள்ள ஆயத்தக் கடித வார்ப்புருக்களிலும் கிடைக்கிறது என்பதால், இதற்காக மட்டும் யாரும் சந்தா கட்டத் தேவையில்லை.

கடிதத்தின் உள்ளே செல்லும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. சேவை எழுதித் தந்த முதல் பத்தியின் சாரம் இது: “தங்கள் மதிப்புமிக்க நிறுவனத்தில் அறிவிக்கப்பட்டுள்ள பதவிக்கு மிகுந்த ஆர்வத்துடன் விண்ணப்பிக்கிறேன். கடின உழைப்பும் குழுவாகப் பணியாற்றும் திறனும் கொண்ட நான், தங்கள் நிறுவனத்தின் வளர்ச்சிக்குச் சிறந்த பங்களிப்பை ஆற்றுவேன் என உறுதியாக நம்புகிறேன்.” இதில் இலக்கணப் பிழை இல்லை. பொய்யும் இல்லை. ஆயினும் பதவியின் பெயரையும் நிறுவனத்தின் பெயரையும் மாற்றிவிட்டால், உலகில் உள்ள எந்த வேலைக்கும் இதை அனுப்பலாம். சோதித்துப் பார்ப்பதற்காகக் கணக்கர் பதவிக்கு ஒன்றும் நூலகப் பதவிக்கு ஒன்றுமாக இரண்டு கடிதங்களை உருவாக்கினேன். இரண்டாம் பத்தியில் சில சொற்கள் மாறியதைத் தவிர வேறு வேறுபாடு இல்லை. ஒரே பதவிக்கு வந்த விண்ணப்பங்களை அடுத்தடுத்துப் படிக்கும் தேர்வாளருக்கு, இத்தகைய கடிதம் படித்த மறுகணமே மறந்துபோகும்.

இதற்கான காரணம் சேவை கேட்கும் கேள்விகளில் இருக்கிறது என்பதே என் முடிவு. அது விண்ணப்பதாரரைப் பற்றி மட்டுமே கேட்கிறது. வேலை அறிவிப்பில் என்ன எழுதியிருக்கிறது என்று எந்த இடத்திலும் கேட்பதில்லை. நல்ல விண்ணப்பக் கடிதம் அறிவிப்பைப் படிப்பதிலிருந்துதான் பிறக்கிறது. அந்த நிறுவனத்துக்கு ஏன் இப்போது ஓர் ஆள் தேவைப்படுகிறது, அந்த ஆள் முதல் ஆறு மாதங்களில் எதைச் சரிசெய்ய வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள், அறிவிப்பில் முதலில் சொல்லப்பட்டிருக்கும் கடமை எது, இரண்டு முறை வலியுறுத்தப்பட்டிருக்கும் தகுதி எது ஆகியவற்றைக் கவனித்த பிறகே, நம் அனுபவத்திலிருந்து எதை எடுத்து முன்வைப்பது என்பது தெளிவாகும். அந்தத் தெரிவுதான் கடிதம். தன்விவரக் குறிப்பு எல்லாவற்றையும் சொல்கிறது. கடிதமோ, அவற்றுள் இந்த வேலைக்கு உரியவை எவை என்று எடுத்துக் காட்ட வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு. கிடங்கு மேற்பார்வையாளர் பதவிக்கான அறிவிப்பு ஒன்றில், சரக்கு இருப்புக்கும் கணினிப் பதிவுக்கும் இடையிலான வேறுபாட்டைக் குறைப்பது முதல் கடமையாகச் சொல்லப்பட்டிருக்கிறது என்று கொள்வோம். சேவையின் கடிதம் “இருப்பு மேலாண்மையில் ஐந்தாண்டு அனுபவமும் சிறந்த கவனமும் உடையவர்” என்று எழுதும். அதே விண்ணப்பதாரர் தானே உட்கார்ந்து யோசித்தால் இப்படி எழுதலாம்: “முன்பு நான் பணியாற்றிய கிடங்கில் ஆண்டுக்கு ஒருமுறை மட்டுமே முழுக் கணக்கெடுப்பு நடந்தது, அதனால் வேறுபாடுகள் தாமதமாகவே தெரியவந்தன. பொருள்களை வகை வாரியாகப் பிரித்து, ஒவ்வொரு வாரமும் ஒரு வகையை எண்ணும் முறையை நான் தொடங்கினேன். வேறுபாடு ஏற்பட்ட வாரத்திலேயே அதன் காரணத்தைக் கண்டுபிடிக்க இது வழிசெய்தது.” இங்கே கவனம், பொறுப்பு, முன்முயற்சி என்ற சொற்கள் ஒன்றுகூட இல்லை, படிப்பவர் அவற்றைத் தாமே உணர்ந்துகொள்கிறார். முன்பு நிலைமை எப்படி இருந்தது, தான் என்ன செய்தார், அதன்பின் என்ன மாறியது என்ற மூன்றையும் சேவை கேட்டிருந்தாலே இந்தப் பத்தி கிடைத்திருக்கும். கேட்காததால்தான் வெறும் பண்புப் பெயர்கள் வருகின்றன. எண்ணால் சொல்லக்கூடிய விளைவு இருந்தால் அதையும் சேர்ப்பது நல்லது. ஆனால் நேர்காணலில் விளக்க முடியாத எண்ணைச் சேர்க்கவே கூடாது.

கடிதத்தைப் பெறுபவரின் தேவையிலிருந்து தொடங்கும் இந்த முறை மிகப் பழையது. லியோனார்டோ டா வின்சி 1480களின் தொடக்கத்தில் இத்தாலியின் மிலானை ஆண்ட லுடோவிகோ ஸ்ஃபோர்ஸாவுக்கு வேலை கேட்டு எழுதிய கடிதத்தின் வரைவு இன்றும் பாதுகாக்கப்பட்டுள்ளது. போர்களுக்கு ஆயத்தமாக இருக்க வேண்டிய ஆட்சியாளரிடம் என்ன சொல்ல வேண்டும் என்பதை அவர் அறிந்திருந்தார். எளிதில் தூக்கிச் செல்லக்கூடிய பாலங்கள், முற்றுகையின்போது அகழியிலிருந்து நீரை வெளியேற்றும் வழிகள், ஓசையின்றிச் சுரங்கம் அமைக்கும் முறை, மூடிய போர் வண்டிகள் என ஒன்றன்பின் ஒன்றாக எழுதிச் செல்கிறார். சிற்பமும் ஓவியமும் கடிதத்தின் இறுதிப் பகுதியில்தான் வருகின்றன. இவற்றில் எதையேனும் நம்ப முடியாவிட்டால், தாங்கள் விரும்பும் இடத்தில் செய்து காட்டுகிறேன் என்று முடிக்கிறார். இன்றைய சேவையிடம் சென்றிருந்தால், ஓவியத் திறன் என்பதை முதல் பண்பாகத் தேர்ந்தெடுக்கச் சொல்லியிருக்கும் என்றே நினைக்கிறேன்.

சேவையில் ஒரு மதிப்பெண் காட்டியும் உண்டு. கடிதம் எழுதி முடித்ததும் நூற்றுக்கு இத்தனை என்று காட்டுகிறது. விண்ணப்பங்களைத் தொகுத்து வரிசைப்படுத்தும் மென்பொருள்களைப் பல நிறுவனங்கள் பயன்படுத்துவதால், அறிவிப்பில் உள்ள முக்கியச் சொற்கள் நம் கடிதத்திலும் இடம்பெறுவது பயனுள்ளதுதான். ஆனால் இந்த மதிப்பெண், பதவியோடு தொடர்புடைய பொதுவான சொற்கள் எத்தனை முறை வருகின்றன என்பதையே பெரிதும் பொறுத்ததாகத் தெரிகிறது. ஒரே சொல்லைத் திரும்பத் திரும்ப எழுதியபோது மதிப்பெண் ஏறியது, நான் மேலே சொன்ன வகையில் நிகழ்வை விவரித்து எழுதியபோது இறங்கியது. மனிதர் படிக்கும் கடிதத்துக்கு இது தவறான வழிகாட்டி. மென்பொருளைக் காரணம் காட்டும் அதே சேவை, பக்கம் இரண்டு நெடுவரிசைகளாகப் பிரிந்த வண்ண வடிவமைப்புகளையும் உரைப்பெட்டிகளையும் விற்பது பொருந்தவில்லை; அத்தகைய அமைப்புகளைச் சில மென்பொருள்கள் வரிசை குலைத்துப் படித்துவிடும். ஒற்றை நெடுவரிசையில், எளிய எழுத்துருவில் இருக்கும் வடிவமே பாதுகாப்பானது.

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளியான பின்னர், இத்தகைய சேவைகள் பலவும் செயற்கை நுண்ணறிவைச் சேர்த்துக்கொண்டன. நான் பயன்படுத்தியதிலும் அது இருந்தது. வாக்கியங்கள் முன்னைவிடச் சரளமாகின என்பது உண்மை. ஆனால் நான் எங்கும் குறிப்பிடாத ஒரு குழுத் தலைமை அனுபவத்தை அது தானாகவே எழுதிச் சேர்த்திருந்தது. இதை இந்தச் சேவையின் மிகப் பெரிய ஆபத்தாகக் கருதுகிறேன். கடிதத்தில் எழுதியதை நேர்காணலில் கேட்பார்கள். தலைமை தாங்கிய குழுவில் எத்தனை பேர், என்ன சிக்கல் வந்தது என்று கேட்டால் பதில் இருக்காது. அங்கே இழப்பது ஒரு வேலையை மட்டுமன்று, நம்பகத்தன்மையையும்தான். செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்துவோர், தாமே எழுதிய வரைவைக் கொடுத்துச் சுருக்கச் சொல்வதும் பிழை திருத்தச் சொல்வதும் தகும். வெறும் பதவிப் பெயரைக் கொடுத்து முழுக் கடிதத்தையும் கேட்பது தகாது.

பணியில் இடைவெளி விட்டவர்கள், துறை மாறுபவர்கள், முதல் வேலை தேடும் மாணவர்கள் ஆகியோருக்கான பகுதி என்னை வருந்தச் செய்தது. “போதிய அனுபவம் இல்லாவிட்டாலும்”, “சில காலம் பணியில் இல்லாததற்கு வருந்துகிறேன்” என்ற வகையில் கடிதம் தாழ்ந்து தொடங்குகிறது. குழந்தையை வளர்க்கவோ, பெற்றோரைக் கவனிக்கவோ வேலையை விட்ட ஒருவர் யாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை. இடைவெளியை ஒரே வாக்கியத்தில் நேராகச் சொல்லி, இப்போது பணிக்கு ஆயத்தமாக இருப்பதைத் தெரிவித்துவிட்டு, தகுதியைப் பேசத் தொடங்கலாம். மாணவர்களுக்கும் கல்லூரித் திட்டப்பணி, பகுதிநேர வேலை, தன்னார்வப் பணி ஆகியவற்றில் சொல்லத்தக்க நிகழ்வு ஒன்றாவது இருக்கும். அதைக் கேட்டு வாங்கும் பொறுமை இந்தச் சேவைக்கு இல்லை.

உயர்நிலைச் சந்தாவில் மட்டும் கிடைக்கும் மனிதத் திருத்துநரின் பார்வையை மனமாரப் பாராட்டுகிறேன். என் கடிதத்தைப் படித்த திருத்துநர் அதிகம் திருத்தவில்லை; ஓரத்தில் கேள்விகளை எழுதி அனுப்பினார். “இந்த மாற்றத்தை யார் கேட்டார்கள், நீங்களா முன்மொழிந்தீர்கள்?”, “அறிவிப்பில் வாடிக்கையாளர் புகார்களைப் பற்றி முதலில் சொல்லியிருக்கிறார்களே, உங்கள் கடிதத்தில் அது ஏன் கடைசியில் வருகிறது?” என்ற வகையான கேள்விகள் அவை. அவற்றுக்குப் பதில் எழுதியதிலேயே கடிதம் வேறொன்றாகிவிட்டது. இயந்திரம் கேட்காத கேள்விகளை ஒரு மனிதர் கேட்டார். அதற்குக் கொடுத்த பணம் வீணாகவில்லை. இத்தகைய சேவை கிடைக்காதவர்கள், அந்தத் துறையை அறிந்த நண்பர் ஒருவரிடம் அறிவிப்பையும் கடிதத்தையும் சேர்த்துக் கொடுத்து, எங்கே நம்பிக்கை வரவில்லை என்று கேட்டாலே பெரும்பயன் கிடைக்கும்.

ஆகவே கடித வடிவத்துக்காகவோ இயந்திரம் எழுதும் வாக்கியங்களுக்காகவோ சந்தா செலுத்த வேண்டாம் என்பேன். திருத்துநரின் பார்வை தேவைப்படுவோர், தாமே ஒரு வரைவை முழுமையாக எழுதி வைத்துக்கொண்டு, ஒரு மாதத்துக்கு மட்டும் உயர்நிலைச் சந்தாவைப் பெறலாம். சேர்வதற்கு முன் சந்தா தானாகப் புதுப்பிக்கப்படுமா என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள். நான் பயன்படுத்திய சேவையில் குறைந்த கட்டண முன்னோட்டக் காலம் முடிந்தவுடன் முழுக் கட்டணம் தானாகப் பிடிக்கப்படும் என்ற நிபந்தனை சிறிய எழுத்தில் இருந்தது. பதிவேற்றும் தன்விவரக் குறிப்பில் முகவரியையும் தொலைபேசி எண்ணையும் நீக்கிவிடுவது நல்லது. சந்தாவை நிறுத்துவதற்கு முன், கடிதங்களைப் பிடிஎஃப் வடிவத்தோடு, திருத்தக்கூடிய வேர்டு வடிவத்திலும் தரவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள். நிறுத்திய பிறகு பழைய கடிதங்களைத் திறந்து பார்க்க மட்டுமே முடிகிறது, அடுத்த விண்ணப்பத்துக்காக அவற்றை மாற்றி எழுத முடிவதில்லை.