லீட்கோட்: கோடிங் சுற்றுக்கு எவ்வளவு தூரம் கைகொடுக்கும்?

மென்பொருள் வேலைக்குத் தயாராகிற யாரைக் கேட்டாலும் முதலில் சொல்லும் பெயர் லீட்கோட், கோடிங் கேள்விகளுக்கு விடை எழுதிப் பழகும் இணையதளம். 3,000-க்கும் மேற்பட்ட கேள்விகள், அதில் பெரும்பகுதி இலவசம். நேர்காணலில் கோட் எழுதச் சொல்லும் கோடிங் சுற்றுக்கு இதைவிட நல்ல பயிற்சிக்களம் கிடைப்பது கஷ்டம். ஆனால் அந்தத் தளம் சத்தமில்லாமல் நமக்குச் செய்து தரும் சில வேலைகளை, நேர்காணலில் நாமேதான் செய்தாக வேண்டும். நூற்றுக்கணக்கில் கேள்விகளைப் போட்டுப் பழகியவர்கள்கூடச் சறுக்கும் இடம் இதுதான்.

முதலில் வரம்புகள். ஒவ்வொரு கேள்விக்கும் கீழே உள்ளீடு எவ்வளவு பெரியது என்று போட்டிருப்பார்கள். அந்த ஒரு வரியே பாதி விடை. 20 என்றால் எல்லாச் சேர்க்கைகளையும் முயன்று பார்க்கலாம். 1 லட்சம் என்றால் லூப்புக்குள் லூப் போட்டால் 1,000 கோடி படிகள், நேரம் தாண்டிவிடும். நேர்காணல் எடுப்பவர் பெரும்பாலும் இதைச் சொல்ல மாட்டார். கேட்டால்தான் வரும், கேட்கிறோமா என்பதையும் சேர்த்தே பார்ப்பார்கள்.

அடுத்தது இம்போர்ட், அதாவது தேவையான லைப்ரரிகளை (தயாராக எழுதிவைத்த கோட்) சேர்ப்பது. சி++, ஜாவா, பைத்தான் மூன்றிலும் வழக்கமான லைப்ரரிகளைத் தளமே சேர்த்துவிடுகிறது. வெளியே வெறும் எடிட்டரில் ஹீப் (மிகச் சிறிய அல்லது மிகப் பெரிய எண்ணை முதலில் தரும் அமைப்பு) எழுதும்போது முதல் வரியிலேயே எரர் வருவது இதனால்தான். ஒரு ஃபங்ஷன் தன்னையே மறுபடி அழைக்கும் ரிகர்ஷன் விஷயத்திலும் இதே கதை. 'நம்பர் ஆஃப் ஐலண்ட்ஸ்' கேள்வியில் நிலமும் நீருமாக உள்ள கட்டப் பலகையில் தீவுகளை எண்ண வேண்டும்; பலகை 300-க்கு 300 வரை போகும். எல்லாமே நிலமாக இருந்தால் 90,000 கட்டங்கள். பைத்தானின் இயல்பான ரிகர்ஷன் வரம்பு 1,000 மட்டுமே. தளத்தில் பாஸ் ஆகும் அதே கோட் சொந்தக் கணினியில் விழுந்துவிடும். அதனால் க்யூ (முதலில் போட்டது முதலில் வெளியே வரும் வரிசை) வைத்து எழுதிப் பழகுங்கள். அதில் கட்டத்தை 'பார்த்தாச்சு' என்று குறிப்பது க்யூவில் போடும்போதே நடக்க வேண்டும். எடுக்கும்போது குறித்தால் ஒரே கட்டம் பலமுறை உள்ளே நுழையும்.

மூன்றாவது, டெஸ்ட் கேஸ், அதாவது கோடைச் சோதித்துப் பார்க்கும் உள்ளீடு. முதல் கேள்வியான 'டூ சம்'மையே எடுத்துக்கொள்வோம்: கூட்டினால் இலக்கு வரும் இரண்டு எண்கள் இருக்கும் இடங்களை, 0-இலிருந்து எண்ணிச் சொல்ல வேண்டும். எண்கள் 3, 2, 4, இலக்கு 6. எல்லா எண்களையும் மேப்பில் (எண்ணையும் அதன் இடத்தையும் குறித்துவைக்கும் அட்டவணை) போட்டுவிட்டுத் தேடினால், 3 தனக்கே ஜோடியாகி 0, 0 என்று விடை வரும். சரியான விடை 1, 2. ஒவ்வொரு எண்ணுக்கும் ஜோடியைத் தேடிவிட்டுப் பிறகு அதை மேப்பில் போட்டால் தீர்ந்தது. நம் கோட் எந்த உள்ளீட்டில் தவறியதோ அதைத் தளமே எடுத்துக் காட்டிவிடும். நேர்காணலில் அந்த உள்ளீட்டை யோசித்துச் சொல்ல வேண்டியது நாம்.

அதனால் இந்த உதவிகளை மூடிவைத்துப் பயிற்சி செய்வதுதான் பலன் தரும். கேள்வியை மட்டும் படித்து, வெறும் டெக்ஸ்ட் எடிட்டரில், 35 நிமிடத்துக்குள், வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதுங்கள். சிறியது, காலியானது, ஒரே எண் திரும்ப வருவது என மூன்று உள்ளீடுகளைக் கையால் ஓட்டிப் பார்த்த பிறகு ஒரே ஒரு முறை சப்மிட் செய்யுங்கள். ஞாயிறு காலை 8 மணிக்கு வரும் வாராந்தரப் போட்டியும் இதற்கு நல்ல துணை: 90 நிமிடம், 4 கேள்விகள், ஒவ்வொரு தவறான சப்மிட்டுக்கும் 5 நிமிட அபராதம். 'இத்தனை சதவீதம் பேரைவிட வேகம்' என்று வரும் எண்ணைப் பொருட்படுத்தவே வேண்டாம். அதே கோடை இரண்டு முறை கொடுத்தால் இரண்டு எண் வரும்.

பெரிய செயலியின் மொத்த அமைப்பைத் திட்டமிடச் சொல்லும் சிஸ்டம் டிசைன் சுற்றுக்கும், டிக்கெட் முன்பதிவு போன்ற ஒரு சின்னச் செயலியை முழுதாக எழுதச் சொல்லும் சுற்றுக்கும் இந்தத் தளத்தை நம்பி இருக்க முடியாது. அதற்குத் தனியாக உட்கார வேண்டும்.

ப்ரீமியம் என்ற கட்டணச் சந்தா வாங்கலாமா? பூட்டுப் போட்ட கேள்விகளும் கம்பெனி வாரியான பட்டியலும்தான் அதில் முக்கியம். தொடக்கத்திலேயே ஆண்டுச் சந்தா கட்டுவது வீண் செலவு. நேர்காணல் தேதி உறுதியான பிறகு ஒரு மாதத்துக்கு மட்டும் எடுத்து, அந்தக் கம்பெனியின் சமீபத்திய கேள்விகளைப் பார்த்தால் போதும்.