இடித்த இடத்திலேயே நிற்பதா, தள்ளிப் போய் நிற்பதா, நேராக ஸ்டேஷனுக்கா?

இரவு பதினொன்றரை மணி. ஆள் நடமாட்டம் இல்லாத சாலை. சிக்னலில் நிற்கும்போது பின்னால் வந்த கார் உங்கள் பம்பரில் லேசாக முட்டுகிறது. கண்ணாடியில் பார்த்தால் அந்தக் காரின் மூன்று கதவுகளும் ஒரே நேரத்தில் திறக்கின்றன. இறங்கிய மூவரில் ஒருவர்கூட தங்கள் காரின் முன்பக்கம் என்ன ஆயிற்று என்று குனிந்து பார்க்கவில்லை. ஒருவர் உங்கள் கதவை நோக்கி வருகிறார். இன்னொருவர் உங்கள் காரைச் சுற்றி முன்னால் போகிறார்.

யோசிக்க உங்களுக்கு இருப்பது நாலைந்து விநாடிதான். அந்த நேரத்தில் சட்டம் நினைவுக்கு வராது. அதனால் இதை இப்போதே, பதற்றம் இல்லாத நேரத்தில், யோசித்து வைத்துக்கொள்வது நல்லது. கையில் இருக்கும் வழிகள் நான்கு. அங்கேயே நிற்கலாம். கொஞ்சம் தள்ளி வெளிச்சமான இடத்தில் நிறுத்தலாம். நேராகக் காவல் நிலையத்துக்குப் போகலாம். வீட்டுக்குப் போய்விட்டு, காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்றும் இருக்கலாம்.

முதலில், சட்டம் ஓட்டுநரிடம் என்ன கேட்கிறது? நாட்டுக்கு நாடு சொற்கள் மாறினாலும் பொதுவாகக் கேட்பவை நான்கு: நிற்க வேண்டும், அடிபட்டவருக்கு உதவ வேண்டும், நாம் யார் என்று சொல்ல வேண்டும், தேவையானால் போலீசுக்குத் தெரிவிக்க வேண்டும். 1968ஆம் ஆண்டின் வியன்னா சாலைப் போக்குவரத்து உடன்படிக்கை 31ஆவது பிரிவில் இதையெல்லாம் சொல்கிறது. அதில் இரண்டு இடங்கள் நமக்கு முக்கியம். நிற்பதைப் பற்றிச் சொல்லும்போது, போக்குவரத்துக்கு இன்னொரு ஆபத்தை உண்டாக்காமல் எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் நிற்க வேண்டும் என்கிறது. யாருக்காவது அடிபட்டிருந்தால் போலீஸ் வரும்வரை அந்த இடத்திலேயே இருக்க வேண்டும், அல்லது திரும்பி வர வேண்டும் என்கிறது. போலீசே போகச் சொன்னால், அடிபட்டவரைக் கவனிக்க வேண்டியிருந்தால், அல்லது நமக்கே சிகிச்சை தேவைப்பட்டால் மட்டும் விலக்கு. அந்தத் 'திரும்பி வர' என்ற சொல்லைக் கவனியுங்கள். போக நேரிடும் என்பதைச் சட்டம் எழுதியவர்களும் யோசித்திருக்கிறார்கள்.

சரி, முதல் வழி. நிற்பது என்றால் இறங்குவது என்றே பலர் நினைக்கிறோம். யாருக்கும் அடிபடாத சின்ன மோதலில் அப்படி இல்லை. கதவைப் பூட்டி, இன்ஜினை அணைக்காமல், ஹசார்ட் விளக்கைப் போட்டு, கண்ணாடியை ஒரு விரல் அளவுக்கு மட்டும் இறக்கிப் பேசினாலும் அது நிற்பதுதான். பெயரையும் முகவரியையும் வண்டி எண்ணையும் அந்த இடைவெளி வழியே சொல்லலாம். கோபமாகக் கத்துகிற ஒருவர், சந்தேகமாகத் தெரிகிற ஒருவர் என்றால் இதுவே போதும். கத்துவது மட்டும் ஆபத்து ஆகிவிடாது.

ஆனால் சாலையில் யாராவது விழுந்து கிடந்தால் கணக்கே வேறு. இங்கே ஒரு விஷயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். பைக்கிலோ நடந்தோ வந்தவர் மீது மோதியிருந்தால், பார்க்காமல் வண்டியை ஒரு அடிகூட நகர்த்தாதீர்கள். சக்கரத்துக்குப் பக்கத்தில் கை இருக்கலாம், பம்பருக்கு அடியில் கால் இருக்கலாம். பதற்றத்தில் கியர் போட்டு எடுத்ததால் பிழைக்க வேண்டியவர் பிழைக்காமல் போகலாம். எவ்வளவு பயமாக இருந்தாலும் அந்த ஒரு பார்வைக்கு நேரம் உண்டு.

இரண்டாவது வழி, தள்ளிப் போய் நிற்பது. என் கணிப்பில், பயப்பட நியாயமான காரணம் இருந்து, யாருக்கும் அடிபடாமல் இருந்தால் பெரும்பாலும் இதுதான் நல்ல வழி. கலிஃபோர்னியா மாநிலச் சட்டம், பொருள்சேதம் மட்டும் ஆன விபத்தில், போக்குவரத்துக்குத் தடையாகவோ மற்ற ஓட்டுநர்களுக்கு ஆபத்தாகவோ இல்லாத மிக அருகிலுள்ள இடத்தில் நிறுத்தச் சொல்கிறது. அப்படி நகர்த்தியதால் யார் மீது தவறு என்ற கேள்வி மாறாது என்றும் அதிலேயே எழுதியிருக்கிறார்கள். இடித்த இடத்திலிருந்து வண்டியை எடுத்தாலே குற்றத்தை ஒப்புக்கொண்ட மாதிரி என்று பயப்படுகிறவர்களுக்கு இது ஆறுதலான செய்தி.

இந்த வழியில் சிக்கல் ஒன்றுதான்: வெளியிலிருந்து பார்ப்பவருக்கு, தள்ளி நிற்கப் போகிறவரும் தப்பி ஓடுகிறவரும் முதல் ஐம்பது மீட்டரில் ஒரே மாதிரிதான் தெரிவார்கள். வித்தியாசத்தை நாம்தான் காட்ட வேண்டும். ஹசார்ட் விளக்கு எரியட்டும். வேகம் வேண்டாம். முடிந்தால் கையை நீட்டி 'முன்னால் வாருங்கள்' என்று சைகை காட்டுங்கள். போகும் இடத்தில் கேமராவும் ஆட்களும் இருக்க வேண்டும்: பெட்ரோல் பங்க், சுங்கச்சாவடி, மருத்துவமனை வாசல். எல்லாவற்றுக்கும் மேலாக, அவசர எண்ணுக்கு உடனே, கையில் போனைப் பிடிக்காமல் ஸ்பீக்கரில், அழையுங்கள். இந்தியாவிலும் ஐரோப்பிய ஒன்றிய நாடுகளிலும் அது 112, பிரிட்டனில் 999, அமெரிக்காவில் 911. "என் வண்டி எண் இது, இந்த இடத்தில் பின்னாலிருந்து ஒரு கார் இடித்தது, மூன்று பேர் இறங்கி வருகிறார்கள், பயமாக இருக்கிறது, முன்னால் உள்ள பெட்ரோல் பங்கில் நிற்கப் போகிறேன்." இவ்வளவு போதும். அழைப்பு வந்த நேரம் பதிவாகிவிடும். பிறகு யாராவது 'இடித்துவிட்டு நிற்காமல் போனான்' என்று சொன்னால், உங்கள் பக்கம் பேச அந்தப் பதிவு இருக்கும்.

மூன்றாவது வழிக்கு வருவோம். பின்தொடர்கிறார்கள், அல்லது கூட்டம் கூடி வண்டியை அடிக்கத் தொடங்கிவிட்டது என்றால் பக்கத்தில் எங்கே நிறுத்தியும் பயனில்லை, காவல் நிலையம்தான். இந்திய மோட்டார் வாகனச் சட்டம், 1988, இந்தப் பயத்தை வெளிப்படையாகவே குறிப்பிடுகிறது. அதன் 134ஆவது பிரிவு, அடிபட்டவரை அருகிலுள்ள மருத்துவரிடமோ மருத்துவமனைக்கோ கொண்டுபோக நியாயமான எல்லா முயற்சியும் எடுக்கச் சொல்கிறது. கூட்டத்தின் ஆத்திரத்தாலோ, தன் கட்டுப்பாட்டை மீறிய வேறு காரணத்தாலோ முடியாமல் போனால் மட்டும் அதற்கு விலக்கு தருகிறது.

இந்த விலக்கைப் பலர் பாதிதான் படிக்கிறார்கள். அடிபட்டவரைத் தூக்கிப் போகாததற்குத்தான் அந்த மன்னிப்பு. அதற்கு அடுத்த வரி அப்படியே நிற்கிறது: சம்பவ இடத்தில் போலீஸ் இல்லையென்றால், முடிந்த அளவு சீக்கிரம், எப்படியும் 24 மணி நேரத்துக்குள், அருகிலுள்ள காவல் நிலையத்தில் தெரிவிக்க வேண்டும். ஏன் உதவ முடியவில்லை என்ற காரணத்தையும் அங்கே சொல்ல வேண்டும். என்னைக் கேட்டால், கூட்டத்துக்குப் பயந்து இறங்க முடியாதவராலும் ஆம்புலன்ஸைக் கூப்பிட முடியும். ஒரு கிலோமீட்டர் தள்ளி வந்த பிறகும் முடியும். ரத்தம் போய்க்கொண்டிருக்கிறவருக்கு அந்த அழைப்பை யார் செய்தார்கள் என்பது முக்கியமே இல்லை.

பிரிட்டனின் 1988ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 170ஆவது பிரிவும் 24 மணி நேரம் என்றுதான் சொல்கிறது. ஆனால் அதற்கு முன்னால் 'நியாயமாக முடிந்த அளவு சீக்கிரம்' என்று இருக்கிறது. ஜெர்மனியில் குற்றவியல் சட்டத்தின் 142ஆவது பிரிவு இன்னும் கறாரானது. தகுந்த காரணத்தோடு இடத்தை விட்டுப் போனவர்கூட, தாமதம் செய்யாமல் தன் விவரங்களைத் தர வேண்டும். தவறினால் மூன்று ஆண்டு வரை சிறை.

நான்காவது வழியை, வீட்டுக்குப் போவதை, மற்ற மூன்றோடு சமமாக வைத்துப் பேச எனக்கு மனமில்லை. 24 மணி நேரம் என்பதை வாய்தா மாதிரி எடுத்துக்கொள்கிறவர்கள் உண்டு. அது கடைசி எல்லை. பத்து மணிக்கு இடித்துவிட்டு, பத்து நிமிடத்தில் போகக்கூடிய காவல் நிலையத்துக்கு மறுநாள் மாலை போனால், 'முடிந்த அளவு சீக்கிரம்' என்ற வரியை மீறியாயிற்று. குடித்திருந்தாரா, தெளியட்டும் என்று காத்திருந்தாரா என்ற சந்தேகமும் சேர்ந்துகொள்ளும். இல்லை என்று நிரூபிக்க அப்போது எதுவும் மிச்சமிருக்காது. இன்னொன்று, விபத்தில் யார் தவறு என்பது ஒரு வழக்கு, நிற்காமல் போனது வேறு வழக்கு. எதிரே வந்தவரே முழுத் தவறும் செய்திருந்தாலும், இரண்டாவதில் மாட்டிக்கொள்வது நாம்தான்.

இந்தியாவில் 2024 ஜூலை 1 அன்று பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய குற்றவியல் சட்டம் அமலுக்கு வந்தபோது, லாரி ஓட்டுநர்களின் போராட்டத்தைத் தொடர்ந்து 106ஆவது பிரிவின் இரண்டாவது உட்பிரிவு நிறுத்திவைக்கப்பட்டது. மரணம் ஏற்படுத்திவிட்டுத் தப்பினால் பத்து ஆண்டு வரை சிறை என்ற பிரிவு அது. நின்றால் கூட்டம் அடிக்கும் என்ற ஓட்டுநர்களின் அச்சம் நியாயமானதுதான். அடி வாங்கியவர்களை எத்தனையோ சாலைகளில் பார்த்திருக்கிறோம். ஆனால் அந்த உட்பிரிவின் வாசகமும் சம்பவம் நடந்தவுடன் போலீசிடமோ மாஜிஸ்திரேட்டிடமோ தெரிவிக்காமல் தப்புவதைத்தான் குறிவைக்கிறது.

அப்புறம், பயத்தைப் பற்றி நமக்கு நாமே நேர்மையாக இருக்க வேண்டும். அடித்துவிடுவார்கள், பறித்துவிடுவார்கள் என்ற பயம் ஒன்று. மாட்டிக்கொள்வோம், லைசென்ஸ் போய்விடும் என்ற பயம் இன்னொன்று. நெஞ்சு இரண்டுக்கும் ஒரே மாதிரிதான் படபடக்கும். சட்டம் காது கொடுப்பது முதல் பயத்துக்கு மட்டுமே. அதனால் என்ன பார்த்தீர்கள் என்பதை அன்றே எழுதி வையுங்கள்: எத்தனை பேர், கையில் என்ன இருந்தது, என்ன சொன்னார்கள், எந்தக் கண்ணாடி உடைந்தது. 'பயமாக இருந்தது' என்று மட்டும் எழுதினால் போதாது.

காவல் நிலையத்தில் தகவல் கொடுத்ததற்கு நேரம் போட்ட ரசீதைக் கேட்டு வாங்குங்கள். இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கும் சொல்லுங்கள். வண்டியைக் கழுவாதீர்கள், உடைந்த விளக்கை மாற்றாதீர்கள், டேஷ்கேம் இருந்தால் அதன் கார்டை உடனே எடுத்து வையுங்கள். போலீஸ் கூட வந்தால், இடித்த இடத்துக்கு அவர்களோடு திரும்பிப் போங்கள்.