அனுப்பியதும் விற்பனையா, கைசேர்ந்ததும் விற்பனையா?

ஆன்லைன் கடைக்குக் கணக்கு எழுதுபவர்கள் எல்லோரும் ஒரு கட்டத்தில் இந்தக் கேள்வியில் வந்து நிற்பார்கள். பார்சல் கிடங்கை விட்டுக் கிளம்பிய அன்றே விற்பனை எழுதுவதா, வாங்கியவர் கைக்குப் போன பிறகா? நான் கணக்குப் பார்க்கும் கடையில் முதல் இரண்டு வருடம் கிளம்பிய தேதியில் எழுதினோம். பிறகு கைசேர்ந்த தேதிக்கு மாறினோம். இனி பழைய வழிக்குத் திரும்ப எனக்கு மனமில்லை.

ஆர்டர் வந்த நாளும் பணம் வந்த நாளும் இந்தப் போட்டியிலேயே இல்லை. பொருள் போகும் வரை வாங்கிய பணம் முன்பணம்தான், அதாவது நம் பொறுப்பு (நாம் கடன்பட்ட தொகை).

2018 ஜனவரி 1-இல் நடைமுறைக்கு வந்த ஐஎஃப்ஆர்எஸ் 15 என்ற, வருவாய் எழுதுவது பற்றிய சர்வதேசக் கணக்கு விதி, பொருளின் கட்டுப்பாடு எப்போது வாங்குபவருக்கு மாறுகிறது என்று பார்க்கச் சொல்கிறது. உரிமை, கைவசம், இழப்பு அபாயம், பணம் கேட்கும் உரிமை, ஏற்றுக்கொண்டது ஆகியவை அதற்கான அடையாளங்கள். ஆக, ‘கணக்குக் கொள்கை’ என்று பெயர் இருந்தாலும் இது நம் இஷ்டத்துக்கு எடுக்கும் முடிவு அல்ல. விற்பனை நிபந்தனைகளைப் படித்துத்தான் எடுக்க வேண்டும். அமேசான்கூட வெளிக் கூரியர் என்றால் அவர்களிடம் ஒப்படைத்ததும், தானே கொண்டுபோய்க் கொடுத்தால் வாங்குபவரிடம் சேர்ந்ததும் வருவாய் எழுதுவதாகத் தன் ஆண்டறிக்கையில் சொல்கிறது. எங்கள் நிபந்தனையில், வழியில் தொலைந்தால் வேறு பொருள் இலவசம் என்று இருந்தது. அப்படியென்றால் வழியில் இருக்கும் வரை அபாயம் எங்களுடையதுதானே?

கிளம்பிய தேதியில் எழுதுவதில் வசதி உண்டு, அதை மறுக்க முடியாது. பில், சரக்கு வெளியேற்றம், விற்பனை மூன்றும் ஒரே நொடியில் பதிவாகிவிடும். வெளியாரிடமிருந்து எந்தத் தகவலும் வேண்டாம்.

சிக்கல் திரும்பி வரும் பார்சல்களில்தான். திரும்புபவை இரண்டு வகை. ஆள் இல்லை, முகவரி தவறு, வாங்க மறுத்தார் என்று கைசேராமலே வருபவை ஒரு வகை. கைசேர்ந்து, பிரித்துப் பார்த்து, பிடிக்காமல் அனுப்பப்படுபவை இன்னொரு வகை. கிளம்பிய தேதியில் எழுதினால் இரண்டையும் சேர்த்து முன்கூட்டியே மதிப்பிட்டு ஒதுக்க வேண்டும். தள்ளுபடி வாரங்களில் புது முகவரிகள் குவியும், முதல் வகை எகிறும், மதிப்பீடு ஆடிப்போகும். ஒரு உதாரணம்: மாதக் கடைசி நாளில் 200 பார்சல் கிளம்புகிறது, அதில் 24 கைசேராமல் அடுத்த மாதம் திரும்புகிறது. மதிப்பீட்டில் 10 என்று வைத்திருந்தால், நடக்காத 14 விற்பனை இந்த மாத லாபத்தில் உட்கார்ந்திருக்கும். எங்களுக்கு ஒவ்வொரு காலாண்டு முடிவிலும் இதே தலைவலி.

கைசேர்ந்த தேதியில் எழுதினால் முதல் வகை விற்பனைக் கணக்குக்குள் வருவதே இல்லை. அந்த 24-உம் ‘வழியில் உள்ள சரக்கு’ என்று அடக்க விலையில் இருப்பிலேயே நிற்கும். கைசேர்ந்ததும் விற்பனையாகும் மீதி 176-இல் பிரித்துப் பார்த்துத் திருப்புவதை மட்டும் மதிப்பிட்டால் போதும். அது பெரும்பாலும் பொருளின் தன்மையைப் பொறுத்தது, அதனால் மாதத்துக்கு மாதம் அவ்வளவாக மாறாது. அப்புறம் இதற்கு இரண்டு பக்கமும் பதிவு வேண்டும்: திருப்பித் தர வேண்டிய தொகை பொறுப்பாக, திரும்ப வரும் பொருள் சொத்தாக. பலர் இரண்டாவதை மறந்துவிடுகிறார்கள்.

இதற்குக் கொடுக்க வேண்டிய விலை, கூரியர்களின் டெலிவரி ஃபைலை ஆர்டர் எண்ணோடு பொருத்தும் வேலை. ஒவ்வொரு கூரியரும் ‘சேர்ந்தது’ என்பதற்கு ஒவ்வொரு குறியீடு வைத்திருப்பார்கள். முதல் மூன்று மாதம் திணறினோம். இப்போது மாதத்துக்கு ஒரு நாள் வேலை. சரக்கு எண்ணும் நாளில் கிடங்கில் கண்ணால் பார்க்க முடியாத இருப்பு ஒன்று இருப்பதையும் ஆடிட்டருக்குக் காட்ட வேண்டியிருக்கும். அதற்கும் அதே ஃபைல்தான் ஆதாரம்.

செலவுப் பக்கம் சுருக்கமாக: பொருள் கிடங்குக்கு வரும் கூலி அடக்கத்தில் சேரும். வாங்குபவருக்கு அனுப்பும் கூலியை இருப்பு மதிப்பில் ஏற்றக் கூடாது. வழியில் உள்ள பார்சல்களுக்கான கூரியர் செலவு எங்களுக்குச் சிறிய தொகை என்பதால் அந்தந்த மாதமே செலவில் எழுதுகிறோம். அடுத்தவர் சரக்கை விற்றுக் கொடுத்துக் கமிஷன் மட்டும் வாங்கும் கடை, கமிஷனைத்தான் வருவாயாகக் காட்ட வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

வீட்டில் வந்து பொருத்திக் கொடுக்கும் பெரிய பொருட்களை நான் கையாண்டதில்லை. அங்கே கைசேர்வதோடு நிற்காமல், பொருத்தி முடிக்கும் வரை காத்திருக்க வேண்டிய ஒப்பந்தங்களும் இருக்கலாம்.

மாறுவதென்றால் நிதியாண்டின் தொடக்கத்தில் மாறுங்கள். எங்கள் நிபந்தனைகளைப் படித்த ஆடிட்டர், இது கொள்கை மாற்றம் அல்ல, பிழைத் திருத்தம் என்றார்; முந்தைய ஆண்டின் எண்களையும் திருத்திக் காட்டினோம். அந்த விற்பனை எண் ஏன் குறைந்தது என்று முதலாளிக்கு முன்பே உட்கார்ந்து விளக்கியதால்தான் வேலை தடையில்லாமல் நடந்தது.