டெக்ஸஸ் கோடையில் குளத்து மீன்பிடிப்பு: ஓர் இலகுத் தூண்டிலின் பல ஆண்டுப் பயன்பாடு

டல்லாஸின் வடக்குப் புறநகர்களில், குடியிருப்புகளுக்கும் நகராட்சிப் பூங்காக்களுக்கும் நடுவே, மழைநீரைத் தேக்குவதற்காக வெட்டப்பட்ட சிறு குளங்கள் ஏராளமாக உள்ளன. அவற்றில் பெரும்பாலானவற்றில் சிறு மீன்களை வேட்டையாடும் லார்ஜ்மவுத் பாஸும், பேன்ஃபிஷ் என்று பொதுவாக அழைக்கப்படும் ப்ளூகில், ரெட்இயர், கிரீன் சன்ஃபிஷ் ஆகிய சிறு மீன்களும் வாழ்கின்றன. படகு எதுவுமின்றி, கரையில் நின்றபடியே, ஒரே அல்ட்ராலைட் ராடையும் (மிக இலகுவான தூண்டிற்கோல்), நரம்பைச் சுற்றிவைக்கும் ரீலையும் கொண்டு பல கோடைகளாக இக்குளங்களில் மீன்பிடித்து வருகிறேன். ராடு ஆறடி நீளமுள்ள கிராஃபைட். ரீல் 1000 அளவு, நரம்புச் சுருள் திறந்தபடி இருக்கும் ஸ்பின்னிங் வகை. அதில் சுற்றியிருப்பது 4 பவுண்டு இழுவை தாங்கும் நைலான் நரம்பு.

முடிவை முதலிலேயே கூறிவிடுகிறேன். ஜூன் முதல் செப்டம்பர் வரை இக்குளங்களில் பாஸைக் குறிவைத்துக் கனமான கருவியைச் சுமப்பதைவிட, ப்ளூகில்லுக்கென்றே கருவியை அமைத்துக்கொண்டு, இடையில் பாஸ் வந்தால் அதை வரவில் வைத்துக்கொள்வதே நல்லது. டெக்ஸஸில் பாஸ் முட்டையிடும் பருவம் வசந்தத்தோடு முடிந்துவிடுகிறது. அதன்பின் பெரிய பாஸ் பகல் முழுவதும் நிழலுக்குள் ஒதுங்கிக்கொள்கிறது. ப்ளூகில்லோ, நீரின் வெப்பம் 70 டிகிரி பாரன்ஹீட்டை, அதாவது 21 செல்சியஸை, எட்டியதும் முட்டையிடத் தொடங்கி, கோடை நெடுகப் பலமுறை கூடு கட்டுகிறது. முழங்கால் ஆழத்திலிருந்து இடுப்பளவு ஆழம் வரையிலான நீரில், ஆண் மீன்கள் வாலால் விசிறித் துடைத்த வட்டக் குழிகள் நெருக்கமாகத் தென்படும். குழியைக் காக்கும் ஆண் மீன், உள்ளே விழும் எதையும் கவ்வித் துரத்தும். ஆகவே வெயில் ஏறிய பிறகும் கரையிலிருந்து எட்டும் தொலைவில் மீன் இருக்கிறது. ஒரே குழித்திட்டில் இருந்து காவல் மீன்களையெல்லாம் எடுத்துவிட்டால், முட்டைகளை மற்ற மீன்கள் தின்றுவிடும் என்பதால், சிலவற்றோடு நிறுத்திக்கொண்டு இடம் மாறுவது என் வழக்கம்.

இந்த இரு மீன்களையும் சேர்த்து வளர்க்கும் முறை தற்செயலாக வந்ததன்று. அலபாமாவின் ஆபர்ன் பல்கலைக்கழகத்தில் ஹோமர் ஸ்விங்கிள் 1930களில் தொடங்கிய குளத்து ஆய்வுகளே, பாஸையும் ப்ளூகில்லையும் ஒன்றாக இடும் பழக்கத்துக்கு அடித்தளம் இட்டன. பத்து ப்ளூகில்லுக்கு ஒரு பாஸ் என்னும் அளவை ஒட்டியே இன்றும் பல குளங்களில் குஞ்சு விடுகிறார்கள். இரண்டின் எண்ணிக்கைக்கும் இடையிலுள்ள உறவைப் புரிந்துகொண்டால், புதிய குளத்தைச் சிறிது நேரத்திலேயே எடைபோட்டுவிடலாம். அகப்படும் ப்ளூகில் எல்லாம் நான்கு அங்குலத்தில் நின்றுபோயிருந்தால், அவற்றைத் தின்று குறைக்கப் போதிய பாஸ் இல்லை. இரையின்றி வளர்ச்சி குன்றிய கூட்டம் அது. மாறாக, பத்து அங்குல மெலிந்த பாஸ் அடுத்தடுத்து வருமானால், அதே குளத்தில் உள்ளங்கையை மீறும் ப்ளூகில் இருக்க வாய்ப்பு மிகுதி. பாஸ் மட்டுமே வேண்டுவோர் இத்தகைய குளத்தைச் சலித்துக்கொண்டு கைவிடுவார்கள். இலகுத் தூண்டில் வைத்திருப்பவருக்கோ இதைவிட நல்ல இடம் கிடையாது.

கோடையில் எந்நேரம் செல்வது என்பதில் என் அனுபவம் பொது வழக்கிலிருந்து சற்று மாறுபடுகிறது. விடியற்காலையே சிறந்தது என்று எல்லோரும் சொல்வார்கள். வெயிலை நினைத்தால் அது நியாயமே. ஆனால் 20 செல்சியஸ் நீரில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் வரை கரையும் ஆக்சிஜன், 30 செல்சியஸில் ஏழரை மில்லிகிராமுக்கு இறங்கிவிடுகிறது. பாசியும் நீர்ச்செடிகளும் இரவு முழுவதும் அந்த ஆக்சிஜனையே உட்கொள்வதால், சூரியன் எழுவதற்குச் சற்று முன்புதான் குளத்தில் அது மிகக் குறைவாக இருக்கிறது. பாசி அடர்ந்த குளத்தில், குறிப்பாக இரண்டு மூன்று நாள் மேகமூட்டத்துக்குப் பின், விடியலில் மீன் மந்தமாக இருப்பதையும், அதே குளம் மாலை ஆறு மணிக்குமேல் உயிர்பெறுவதையும் திரும்பத் திரும்பக் கண்டிருக்கிறேன். செடி குறைந்த தெளிந்த குளங்களுக்கு விடியலையும், பச்சைக் குளங்களுக்கு மாலையையும் ஒதுக்கிவைத்துள்ளேன். நீரூற்று இயந்திரம் பொருத்திய குளமென்றால் நேரத்தைப் பற்றிய கவலை குறைவு. அதன் தெறிப்பு வட்டத்தின் ஓரத்தில் நடுப்பகலிலும் மீன் நிற்கும். ஆழத்தைத் தேடி இரையை அடிமட்டத்துக்கு இறக்குவது பயனற்றது. கோடையில் குளத்து நீர் அடுக்கடுக்காகப் பிரிந்து, கீழ் அடுக்கில் ஆக்சிஜன் ஏறக்குறைய அற்றுப்போவதால், குளிர்ச்சி இருந்தும் மீன் அங்கே தங்குவதில்லை.

கருவியின் நீடிப்பைப் பொறுத்தவரை, ராடு இன்றும் குறையின்றி இருக்கிறது. கிராஃபைட் ராடுகளின் நுனி பெரும்பாலும் மீனால் ஒடிவதில்லை, காரின் கதவால்தான் ஒடிகிறது. இரண்டு துண்டாகக் கழற்றி உறையிலிட்டு எடுத்துச் செல்வதால் அந்த ஆபத்து நீங்கியது. நரம்பு செல்லும் வளையங்களின் உட்புறத்தில் பஞ்சைத் தேய்த்துப் பார்ப்பேன். இழை சிக்கினால் அங்கே விரிசல் உள்ளதென்று பொருள். ரீலில் முதலில் தேய்ந்தது நரம்பு உருளும் சிறு உருளைதான். அதற்கு ஒரு துளி எண்ணெய் விடுவதைத் தவிரப் பெரிய பராமரிப்பு எதுவும் தேவைப்படவில்லை.

நரம்பு மட்டும் வேறு கதை. நைலான் நரம்பு வெயிலின் புற ஊதாக் கதிரால் வலுவிழக்கும். ரீலின் சிறிய ஸ்பூலில், அதாவது நரம்பு சுற்றிய உருளையில், நாள்கணக்கில் கிடந்தால் சுருள் பதிந்துவிடும். சுழலும் தகடு கொண்ட ஸ்பின்னர் இரையை இழுத்தால் முறுக்கேறும். ஆண்டுதோறும் புதிதாகச் சுற்றுவதற்கு ஆகும் செலவு சிறிது என்பதால் இதைக் குறையாகக் கருதவில்லை. ஃப்ளோரோகார்பன் என்னும் மற்றொரு வகை நரம்பு இச்சிறு ஸ்பூலில் விறைப்பாக நின்று சுருள்சுருளாகக் கழன்று விழுகிறது. அதைச் சில வாரங்களிலேயே கழற்றிவிட்டேன். செடி மண்டிய குளங்களுக்காக, மெல்லிய பின்னல் நரம்பின் நுனியில் நான்கடி நைலானை முடிந்த இரண்டாவது ஸ்பூல் ஒன்றை வைத்திருக்கிறேன். இந்த அமைப்பில் நான் செய்த செலவுகளில் இதுவே மிகப் பயன்பட்டது.

இரை விஷயத்தில், தக்கைக்குக் கீழே எட்டாம் எண் அளவுள்ள நீளத்தண்டுத் தூண்டில் முள்ளில் கோத்த அரைத்துண்டு மண்புழுவை வெல்லும் பொருளை இன்னும் காணவில்லை. ப்ளூகில்லின் வாய் மிகச் சிறியது. ஜிலேபி மீனைப் போலத் தட்டையான பெரிய உடலைப் பார்த்து முள்ளின் அளவைக் கூட்டினால் புழு மட்டுமே போகும். நீளத்தண்டு முள் தொண்டைக்குள் இறங்கினாலும் நுனியைப் பற்றி எடுக்க முடிகிறது. ஜூலை, ஆகஸ்டில் கரைப் புல்லில் வெட்டுக்கிளி பெருகும்போது, நுரையால் செய்த மிதவைப் பூச்சி புழுவுக்கு இணையாகிறது; அது மலிவானது, பல கோடைகள் நீடிக்கிறது. 1/32 அவுன்ஸ் எடைத் தலையுள்ள முள்ளில் கோத்த மென்பிளாஸ்டிக் இரை, அதாவது ஜிக், இரண்டு மீனுக்கும் பொதுவானது. குழித்திட்டின் ஆழமான ஓரத்தில் அதை மெல்ல இழுத்தபோதுதான் எனக்குப் பெரும்பாலான பாஸ் கிடைத்தன. ஆனால் மென்பிளாஸ்டிக் இரைகளைக் காரில் விட்டுவைக்கக் கூடாது. டெக்ஸஸ் வெயிலில் அவை உருகி ஒட்டிக்கொள்ளும். சில வகைப் பொருள்கள் ஒன்றையொன்று தொட்டாலே கரைந்துவிடும். நிக் கிரீம் 1949இல் ஒஹையோவின் ஆக்ரன் நகரில் வார்த்த பிளாஸ்டிக் புழுவிலிருந்து இன்றுவரை எத்தனையோ கலவைகள் வந்துவிட்டன. அவற்றைத் தனித்தனி உறையில் வைப்பதே பாதுகாப்பு.

இந்த அமைப்பின் உண்மையான எல்லை பாஸின் எடையில் தெரிகிறது. இரண்டு பவுண்டு வரை சிக்கலில்லை. அதற்குமேல், 4 பவுண்டு நரம்பில் மீனை நெடுநேரம் களைக்கவைத்தே கரைசேர்க்க வேண்டியிருக்கிறது. ஏப்ரலில் இது வேடிக்கை; நீர் 85 பாரன்ஹீட்டைத் தாண்டிய ஆகஸ்டில், அப்படிக் களைத்த மீனை விடுவித்தாலும் அது பிழைக்கும் என்பதற்கு உறுதியில்லை. அதனால் நடுக்கோடையில் பெரிய பாஸ் உலவும் குளங்களுக்கு இந்த ராடை எடுத்துச் செல்வதில்லை. செல்ல நேர்ந்தால் பின்னல் நரம்பு ஸ்பூலைப் பொருத்தி, விரைவாக இழுத்து, நீரிலிருந்து தூக்காமலேயே முள்ளைக் கழற்றிவிடுகிறேன். சமைக்க எடுப்பதானால் ப்ளூகில்லே ஏற்றது. சதை வெள்ளையாகவும் இனிப்பாகவும் இருக்கும். முதுகுத்துடுப்பின் முட்களைப் பின்னோக்கி அழுத்திப் பிடிக்கத் தெரிந்தால் போதும்.

உரிமம் பதினேழு வயது முதல் தேவை. மாநிலப் பூங்காக்களுக்குள் அதுவும் வேண்டாம். பாஸுக்கு மாநிலப் பொது விதி குறைந்தது 14 அங்குலம், நாளொன்றுக்கு ஐந்து. சில குளங்களுக்குத் தனி விதி இருப்பதால் கரையிலுள்ள அறிவிப்புப் பலகையைப் படித்துவிட வேண்டும். குடியிருப்புச் சங்கங்களின் குளங்களுக்கு அனுமதி தனி.

சிறுவர்களை அழைத்துச் செல்வோருக்கு நான் இந்த ஸ்பின்னிங் ரீலைப் பரிந்துரைக்கமாட்டேன். மெல்லிய நரம்பும் திறந்த ஸ்பூலும் சேர்ந்தால் சிக்கெடுப்பதிலேயே மாலை கழிந்துவிடும். ஓக்லஹோமாவின் டல்ஸாவில், எண்ணெய்க் கிணறுகளுக்கு வெடிபொருள் செய்துகொண்டிருந்த ஸீரோ ஹவர் பாம் கம்பெனி 1949இல் விற்பனைக்குக் கொண்டுவந்து, பின்னர் ஸெப்கோ என்ற பெயரில் புகழ்பெற்ற, ஸ்பூல் மூடியிருக்கும் ரீல் வகைதான் அவர்களுக்குப் பொருந்தும். அதில் 6 பவுண்டு நரம்பு, ஒரு தக்கை, அரைப்புழு. குளக்கரையின் நிழற்பக்கத்தில் ஆறடி தொலைவில் போட்டாலே ப்ளூகில் வந்து இழுக்கும்.